வருகை கூடினால் மதிப்பெண் கூடும் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

வினா: முதுகலை_இறுதியாண்டு

அனைவருக்கும் வணக்கம். கல்வியியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். பல்கலைக்கழக மாணவர்களின் வகுப்பு வருகைக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை ஆய்வேட்டுக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, ஒரே துறையின் முதலாண்டு மாணவர்கள் ஒரு பருவத்தில் படித்த ஐந்து பாடங்களுக்கான வருகைப்பதிவையும் மதிப்பெண் பட்டியலையும், பெயர்கள் நீக்கப்பட்ட வடிவில், உரிய அனுமதியோடு பெற்றிருக்கிறேன். வருகை விழுக்காட்டைக் கிடையச்சிலும் மதிப்பெண்ணைச் செங்குத்தச்சிலும் வைத்துப் புள்ளிகளைக் குறித்துப் பார்த்தால், சிதறல் நிறைய இருந்தாலும் போக்கு மேல்நோக்கியே செல்கிறது.

இதைப் பார்த்த என் நெறியாளர், "வகுப்புக்கு வருவது மதிப்பெண்ணை உயர்த்துகிறது" என்று முடிவுரையில் எழுதிவிடலாம் என்கிறார். எனக்குத்தான் அவ்வளவு துணிவு வரவில்லை. ஒரு நாள் கூடத் தவறாமல் வந்தும் தேறாதவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அத்தி பூத்தாற்போல் வகுப்புக்கு வந்து முதல் சில இடங்களுக்குள் நிற்பவர்களும் இருக்கிறார்கள். வகுப்புக்கு வருவதால் மதிப்பெண் கூடுகிறதா, அல்லது எப்படியும் நன்றாகப் படிக்கக்கூடிய மாணவர்களே வகுப்புக்கும் ஒழுங்காக வருகிறார்களா என்பதை என்னிடமுள்ள தரவை வைத்துப் பிரித்தறிய முடியுமா? இதுவரை வந்த ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதையும், இந்தத் தரவை வைத்து நான் எந்த எல்லை வரை பேசலாம் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: சிதறல்வரைபடம்

தொடர்பு இருக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அது எதனால் வருகிறது என்பதில்தான் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பொருளியலாளர் டேவிட் ரோமர் 1993இல் வெளியிட்ட கட்டுரை இந்த விவாதத்தில் பலரும் தொடங்கும் இடம். அமெரிக்காவில் மூன்று கல்வி நிறுவனங்களின் பொருளியல் வகுப்புகளில் ஆட்களை எண்ணிப் பார்த்தபோது, சாதாரண நாளொன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மாணவர்கள் வகுப்பில் இல்லை என்று தெரிந்தது. தாம் நடத்திய ஒரு பாடத்தில் அவர் வருகையைத் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது, மாணவர்களிடையே இருந்த மதிப்பெண் வேறுபாட்டில் 31 விழுக்காட்டை வருகை ஒன்றே விளக்கியது. முந்தைய தரப்புள்ளியையும் பயிற்சிக் கணக்குகளைச் செய்து கொடுத்த அளவையும் கணக்கில் சேர்த்த பிறகு அந்தத் தொடர்பு சுருங்கியதே தவிர மறைந்துவிடவில்லை. வருகையைக் கட்டாயமாக்கிச் சோதித்துப் பார்ப்பது பற்றி அவர் எழுதப்போய், சக ஆசிரியர்களிடமிருந்து மறுப்புக் கடிதங்களும் வந்து சேர்ந்தன.

அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகளை மார்க்கஸ் கிரெடேயும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2010இல் ஒன்றுதிரட்டிப் பகுத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை உள்ளடக்கிய அந்தத் தொகுப்பாய்வில், வருகைக்கும் பாட மதிப்பெண்ணுக்கும் இடையிலான ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.44 என்று வந்தது. வர்க்கப்படுத்தினால், மதிப்பெண் வேறுபாட்டில் வருகை விளக்குவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மீதி நான்கு பங்கு வேறெங்கோ இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட இரு வகை மாணவர்களும் அந்த நான்கு பங்குக்குள் அடங்கிவிடுவார்கள் என்பதால், அவர்களைக் கண்டு தொடர்பே இல்லையோ என்று ஐயப்பட வேண்டியதில்லை. ஐந்தில் ஒரு பங்கு என்பதும் சிறிய அளவன்று. நுழைவுத்தேர்வு மதிப்பெண், பள்ளி மதிப்பெண், படிக்கும் பழக்கம் ஆகிய எல்லாவற்றையும்விட வருகையே கல்லூரி மதிப்பெண்ணை நன்றாக முன்கணிக்கிறது என்பதே அந்த ஆய்வின் முடிவு. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடும், பொறுப்புணர்வு, ஊக்கம் போன்ற இயல்புகளோடும் வருகைக்கு இருந்த தொடர்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்றும் அவர்கள் காட்டினார்கள். "நல்ல மாணவர்கள் வருகிறார்கள், அவ்வளவுதான்" என்று சொல்லிக் கதையை முடித்துவிட முடியாமல் செய்வது இந்தப் பகுதிதான்.

காரணமும் விளைவும் பற்றிய கேள்விக்கு ஒட்டுறவு ஆய்வுகளால் விடை சொல்ல இயலாது. அதற்கு யாராவது வருகையை, மாணவரின் விருப்பத்தைச் சாராத ஏதோவொரு வழியில், மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட இரண்டு ஆய்வுகளை உங்கள் இலக்கிய மீளாய்வில் சேர்க்கப் பரிந்துரைப்பேன். முதலாவது, தைவானில் சென், லின் இருவரும் செய்து 2008இல் வெளியிட்டது. ஒரே பாடத்தின் இரு பிரிவுகளில், சில பகுதிகளை ஒரு பிரிவில் மட்டும் வகுப்பில் நடத்திவிட்டு மற்றொன்றில் நடத்தாமல் விடுவது. எந்தப் பிரிவில் எதை விடுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது. பின்னர் அந்தப் பகுதிகளிலிருந்து வந்த தேர்வுக் கேள்விகளை மட்டும் எடுத்து, வகுப்பில் கேட்டவர்களும் கேட்காதவர்களும் எப்படி விடையளித்தார்கள் என்று பார்ப்பது. வகுப்பில் கேட்டவர்கள் 9.4 முதல் 18 விழுக்காடு வரை மேலாகச் செய்தார்கள். மாணவர் புத்திசாலியா, உழைப்பாளியா என்ற கேள்வியே இந்த ஒப்பீட்டுக்குள் நுழைய இடமில்லை என்பதுதான் இதன் அழகு.

இரண்டாவது, டாப்கின், கில், மேரியன் ஆகியோர் அமெரிக்காவில் செய்து 2010இல் வெளியிட்டது. இடைத்தேர்வில் மதிப்பெண் வரிசையின் நடுப்புள்ளிக்குக் கீழே வந்தவர்களுக்கு மட்டும் அதன் பிறகு வருகை கட்டாயம் என்று அறிவித்தார்கள். நடுப்புள்ளிக்குச் சற்றே மேலே நின்றவரும் சற்றே கீழே நின்றவரும் திறமையில் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒருவர் வந்தே ஆக வேண்டும், மற்றவர் விரும்பினால் வரலாம். அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் பார்த்தபோது வருகை 36 விழுக்காட்டுப் புள்ளிகள் வேறுபட்டது. அதிலிருந்து, வருகை 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினால் இறுதித் தேர்வு மதிப்பெண் 0.17 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறியிருக்கும் அளவு) அளவுக்கு உயர்கிறது என்று கணித்தார்கள்.

ஆகவே வருகைக்கென்று தனியாக ஒரு பயன் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. ஆனால் அந்தச் சான்று அவர்களுடைய தரவில் இருக்கிறது, உங்களுடையதில் இல்லை. உங்கள் தரவில் நான் முதலில் தேடுவது மூன்று சிக்கல்களை. நீங்கள் பயன்படுத்தும் மதிப்பெண்ணில் அகமதிப்பீடு அடங்கியிருக்கிறதா, அந்த அகமதிப்பீட்டில் வருகைக்கென்று தனி மதிப்பெண் உண்டா என்பது ஒன்று. உண்டென்றால், வருகையை வருகையோடேயே ஒட்டுறவு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். போக்கு மேல்நோக்கிச் செல்லாமல் வேறென்ன செய்யும்? குறைந்தபட்ச வருகை இல்லாதவர்களைத் தேர்வு எழுத அனுமதிக்காத விதி அங்கே இருந்தால், மிகக் குறைவாக வந்தவர்கள் உங்கள் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள் என்பது இன்னொன்று. இது எதிர்த்திசையில் வேலை செய்யும்: வருகையின் வீச்சு சுருங்குவதால், உண்மையில் வலுவான தொடர்பு கூடத் தரவில் வலுவிழந்து தெரியும்.

மூன்றாவதை ஆய்வேடுகளில் அதிகம் காண்பதில்லை. பருவத்தின் முதல் தேர்வில் சறுக்கியவர் மனம் விட்டுப்போய் அதன் பிறகு வகுப்புக்கு வருவதை நிறுத்திக்கொள்வதுண்டு. அங்கே குறைந்த மதிப்பெண்தான் குறைந்த வருகைக்குக் காரணம். அம்பு மறுபக்கம் பாய்கிறது. வாரவாரியான வருகை உங்களிடம் இருந்தால், முதல் தேர்வுக்கு முந்தைய வருகையையும் பிந்தைய வருகையையும் பிரித்து வைத்துப் பாருங்கள்.

மறுமொழி: கடைசிபெஞ்சு

மேலே சொன்னவற்றில் புள்ளியியல் சரியாகவே இருக்கலாம்; ஆனால் இரண்டு செய்திகள் விடுபட்டுவிட்டன என்று நினைக்கிறேன்.

ஒன்று, வருகைப்பதிவேடு எதை அளக்கிறது என்பது. நூற்றுக்கணக்கானோர் அமர்ந்திருக்கும் அரங்கில் கையெழுத்துத் தாள் வரிசை வரிசையாகக் கைமாறிப் போகும்போது, ஒரே பேனா நான்கு பெயர்களுக்கு எதிரே கையெழுத்திடுவதைக் காணாத மாணவர் அரிது. தாள் முன்வரிசையைத் தாண்டியதும் பின்கதவு வழியாக வெளியேறுகிறவரும், வகுப்பு முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பு உள்ளே நுழைகிறவரும் பதிவேட்டில் முழுமையாக வந்தவர்களே. விளையாட்டுப் போட்டிக்கோ கலைவிழாவுக்கோ சென்றவர்களுக்குப் பின்னர் வருகை வழங்கப்படுவதும் உண்டு. அந்தத் தாளை நம்பி இரண்டு தசமத் தானங்களுக்கு ஒட்டுறவு எழுதுவது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று, வராதவரெல்லாம் ஒரே காரணத்துக்காக வராதவர் இல்லை. படிப்புச் செலவுக்காக இரவுப்பணி பார்த்துவிட்டுக் காலை முதல் வகுப்பைத் தவறவிடுகிறவரும், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்கிறவரும், நாள்பட்ட உடல் உபாதை உள்ளவரும், நண்பர்களோடு சுற்றப் போனவரும் பதிவேட்டில் ஒரே "வரவில்லை" என்ற குறியாகச் சுருங்கிவிடுகிறார்கள். இவர்களில் முதல் மூவருடைய மதிப்பெண் குறைந்தால், வகுப்பைத் தவறவிட்டதால் குறைந்ததா, வகுப்பைத் தவறவிடச் செய்த அதே சுமை வீட்டிலும் படிக்க விடாததால் குறைந்ததா என்று எந்தப் பட்டியலை வைத்துச் சொல்வீர்கள்?

கட்டாய வருகைக்கு ஆதரவாக டாப்கின் குழுவினரின் ஆய்வை மட்டும் காட்டுவதும் நியாயமாகாது. நெதர்லாந்தில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், முதலாண்டுச் சராசரி 10க்கு 7ஐ எட்டாதவர்களை இரண்டாம் ஆண்டு முழுவதும் சிறுகுழு வகுப்புகளுக்குக் கட்டாயமாக வரவழைத்ததைக் கபூர், ஊஸ்டர்வீன், வெபிங்க் ஆகியோர் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதே எல்லைக்கோட்டு முறைதான். வருகையும் கூடத்தான் செய்தது. ஆனால் சராசரி மதிப்பெண் உயரவில்லை. தன் நேரத்தை எப்படிச் செலவிட்டால் தனக்குப் பாடம் ஏறும் என்று ஓரளவு அறிந்த மாணவரிடமிருந்து அந்த நேரத்தைப் பறித்தால் ஆதாயமும் இழப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கிரெடேயின் தொகுப்பாய்வு கூடக் கட்டாய வருகை விதியால் சிறிய ஆதாயம் மட்டுமே கிடைப்பதாகச் சொல்கிறது. அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆய்வுகளை வைத்துச் சொன்னது.

மறுமொழி: சுண்ணக்கட்டி

நீண்ட காலமாகப் புள்ளியியல் கற்பித்து வருகிறேன். வருகையைப் பற்றிப் பேசும் எல்லோரும் வகுப்பு என்பதை ஒரே அளவான மாத்திரையாகவும், எத்தனை மாத்திரை விழுங்கினார் என்பதே கேள்வியாகவும் வைத்துக்கொள்கிறார்கள். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் நடப்பதைச் சற்று அருகிலிருந்து காட்டுகிறேன். நிபந்தனை நிகழ்தகவு நடத்தும் நாளில் வகுப்பில் ஒரு கேள்வி வைப்பேன். ஒரு நோய் ஆயிரத்தில் ஒருவருக்கு உண்டு. அதைக் கண்டறியும் சோதனை, நோய் உள்ளவர்களில் 99 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும், நோயற்றவர்களில் 1 விழுக்காட்டினருக்குத் தவறாக "உண்டு" என்று காட்டும். உங்களுக்குச் சோதனை "உண்டு" என்று வந்துவிட்டது. நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? கையைத் தூக்கச் சொன்னால் பெரும்பான்மைக் கைகள் 99க்கே எழும். நான் விடையைச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து, ஒரு லட்சம் பேரை வைத்து எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துகொண்டிருப்பேன். நோயாளிகள் 100 பேர், அவர்களில் 99 பேர் பிடிபடுவார்கள். நோயற்றவர்கள் 99,900 பேர், அவர்களில் 999 பேருக்குத் தவறான முடிவு வரும். ஆக "உண்டு" என்று வந்த 1,098 பேரில் உண்மையான நோயாளிகள் 99 பேர், அதாவது ஏறத்தாழ 9 விழுக்காடு. அந்த 999 என்ற எண் தாளில் வந்து விழும் நேரத்தில் சில முகங்கள் நிமிரும், சிலர் கணக்கை அடித்துவிட்டு மறுபடி போடுவார்கள், ஒருவராவது கேள்வியே தவறு என்று வாதாடுவார்.

அன்றைக்கு வராதவர் பிறகு என் குறிப்புத் தாளை வாங்கிப் பார்த்தால் அதில் சூத்திரமும் 9 விழுக்காடு என்ற விடையும் இருக்கும். தானே துணிந்து 99 என்று சொல்லிவிட்டு, அது ஏன் தவறு என்று தன் கையாலேயே கண்டுபிடித்த அனுபவம் அந்தத் தாளில் இருக்காது. அதே சமயம், இதே பாடத்தை நான் திரையில் உள்ள வரிகளைப் படித்துக் காட்டியே முடித்திருந்தால், வந்தவருக்கும் வராதவருக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்திருக்கும் என்று என்னால் வாதாட முடியாது. திரையை எங்கிருந்தும் படிக்கலாம்.

இது என் தனிக்கருத்து மட்டுமில்லை. ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும் 2014இல், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தேறவில்லை. மாணவரை ஏதாவது செய்யவைக்கும் வகுப்புகளில் அது 21.8 விழுக்காடாக இருந்தது. இங்கே ஒப்பிடப்பட்டவர்கள் அனைவரும் வகுப்பில் சேர்ந்து படித்தவர்களே. ஆகவே வருகை என்ற ஒரே எண்ணுக்குள் மிகவும் வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. இடையில் ஒன்று: இப்படிப்பட்ட வகுப்புகளை மாணவர்கள் விரும்புவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் கூடுதலாகக் கற்றிருந்தும், குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். திணறுவது கற்றுக்கொள்ளாமல் இருப்பதுபோல் தோன்றுகிறது போலும்.

நெதர்லாந்து முடிவும் டாப்கின் குழுவினரின் முடிவும் முரண்படுவதாகத் தோன்றினால், "கட்டாயம் நல்லதா, கெட்டதா" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்பட வேண்டாம் என்பேன். யாரைக் கட்டாயப்படுத்தினார்கள், எத்தனை காலத்துக்கு, எந்த வகையான வகுப்புக்கு, வகுப்புக்கு வராவிட்டால் அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பவை இரண்டிலும் வேறு வேறு.

கடைசிபெஞ்சு நண்பர் சொன்ன கையெழுத்துத் தாள் உண்மைதான். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு அவர் கருதுவதற்கு நேர்மாறானது. அளவீட்டில் தற்செயலான பிழை கலந்தால் ஒட்டுறவு பொதுவாகக் குறையுமே தவிரக் கூடாது. போலிக் கையெழுத்துகள் இருந்தும் தொடர்பு தெரிகிறதென்றால், உண்மையான வருகையோடு அது இன்னும் வலுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வினா எழுப்பியவர்: முதுகலை_இறுதியாண்டு

மூவருக்கும் மிக்க நன்றி. பட்டியலை மீண்டும் சரிபார்த்தேன். மொத்த மதிப்பெண்ணில் அகமதிப்பீடு அடங்கியிருக்கிறது. அதில் வருகைக்கென்று ஒரு பகுதியும் இருக்கிறது. வருகை குறைவால் தேர்வெழுத அனுமதி பெறாதவர்களும் இருக்கிறார்கள்; அவர்களுடைய வருகை என்னிடம் உண்டு, மதிப்பெண் கட்டம் காலியாக இருக்கிறது. அந்தக் கட்டங்களில் சுழியம் இட்டு எல்லோரையும் சேர்த்துக் கணக்கிடலாமா? மேலும், இரவுப்பணி, வீட்டுச் சுமை போன்ற விவரங்கள் எதுவும் என்னிடம் இல்லாதபோது, அவற்றைக் கட்டுப்படுத்த ஏதாவது வழி இருக்கிறதா?

மறுமொழி: சிதறல்வரைபடம்

சுழியம் இடாதீர்கள். தேர்வு எழுதிச் சுழியம் வாங்குவதும் எழுத விடப்படாததும் ஒன்றாகாது. விதியால் வந்த விளைவைக் கற்றலின் விளைவாகக் காட்டிவிடுவீர்கள், ஒட்டுறவும் செயற்கையாக எகிறிவிடும். அவர்களைத் தனி அட்டவணையில் காட்டி, எத்தனை பேர், எந்த வருகை அளவில் நின்றார்கள் என்று எழுதிவிட்டு, உங்கள் முடிவுகள் தேர்வெழுதியவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மொத்த மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டுப் பருவ இறுதி எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு உங்களிடம் இருக்கும் ஐந்து பாடங்கள்தான் விடை. இதுவரை ஒரு மாணவரை இன்னொரு மாணவரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். இனி ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் வருகையையும் மதிப்பெண்ணையும் அந்தப் பாடத்தின் சராசரியிலிருந்து விலக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அந்த விலக்கங்களிலிருந்து, அதே மாணவரின் ஐந்து பாடச் சராசரியைக் கழியுங்கள். எஞ்சுவது, அவர் தம்முடைய வழக்கமான அளவைவிட எந்தப் பாடத்துக்குக் கூடுதலாக வந்தார், அந்தப் பாடத்தில் தம்முடைய வழக்கமான அளவைவிட மேலாகச் செய்தாரா என்பதுதான். அவருடைய அறிவுத்திறன், பள்ளிப் பின்னணி, குடும்பச் சூழல், இரவுப்பணி என ஐந்து பாடங்களுக்கும் பொதுவாக உள்ள அனைத்தும், நீங்கள் அளக்காமலேயே, கழிந்துபோகும். இதேபோல் ஒரே மாணவரைப் பலமுறை அளந்து, இத்தாலியில் லூக்கா ஸ்டாங்கா என்பவர் 2006இல் வெளியிட்ட ஆய்விலும் வருகையின் விளைவு எஞ்சி நின்றது.

இம்முறையாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஒரு பாடம் பிடித்திருப்பதாலேயே அதற்கு மட்டும் தவறாமல் வந்து, அதையே வீட்டிலும் விரும்பிப் படிக்கிறவரை இது பிரித்துக் காட்டாது. காலை முதல் வகுப்பாக அமைந்த பாடம் எது என்பது கால அட்டவணையில் இருக்கும். இரவுப்பணிக்காரரின் வருகை குறிப்பாக அந்தப் பாடத்தில் மட்டும் விழும் என்பதால் அதையும் ஒரு மாறியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஆய்வகப் பாடம் ஏதேனும் இருந்தால் அதைப் பகுப்பாய்விலிருந்து விலக்கிவிடுங்கள்; வராமல் செய்முறையே முடிக்க முடியாத இடத்தில் வருகையும் மதிப்பெண்ணும் தனித்தனி மாறிகளாக இல்லை.

முடிவுரை வாக்கியத்தை நெறியாளரிடம் இப்படி முன்வைத்துப் பாருங்கள்: "தேர்வெழுதிய மாணவர்களிடையே, ஒருவர் தம் மற்றப் பாடங்களைவிடக் கூடுதலாக வருகை தந்த பாடத்தில், இறுதித் தேர்விலும் ஒப்பீட்டளவில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருக்கிறார், பாட ஆர்வத்தின் பங்கை இத்தரவிலிருந்து பிரிக்க இயலவில்லை." கணக்கிட்ட பிறகு போக்கு அப்படி வராவிட்டால், வந்ததை அதே அமைப்பில் எழுதுங்கள். சுண்ணக்கட்டி அவர்கள் சொன்னது போல, எந்தப் பாடம் எந்த முறையில் நடத்தப்பட்டது என்பதை ஐந்து ஆசிரியர்களிடமும் கேட்டு ஒரு பத்தி சேர்த்தால், பாடத்துக்குப் பாடம் தொடர்பு ஏன் வேறுபடுகிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்பவர்களுக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும்.